எறங்கும்போது நிக்குமா?

“தம்பி, நீதான் ஏத்தி விட்டியாமே?”

அக்கா போனில் இப்படி ஆரம்பித்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அக்காவுக்கு ராசிங்காபுரம். விடியும் முன்பே ஜீப் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போய்விடுவாள். திரும்பி வந்து உலை வைக்கும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். இருபது வருஷமாக இதே பாடு. மதுரையில் இருக்கும் எனக்கு அவள் போன் போடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அன்றைக்குப் புதன்கிழமை.

“என்னக்கா?”

“ஒன் மருமகன் மூட்டை முடிச்சோட சைக்கிள்ல போடிமெட்டுக்குப் போறானாம். ராத்திரி அங்கன தங்கிட்டு மறுநாள் எறங்குவானாம். ‘மாமா அந்தக் காலத்துலயே போயிருக்காரு, எனக்கென்ன’ங்கிறான். இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூவாய்க்கு சைக்கிள் பாத்து வச்சிருக்கான்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் கதையை அவனிடம் சொன்னது நான்தான். பத்தொன்பது வயதில் நானும் என் கூட்டாளியும் வீட்டு சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்கிய கதை. அதில் ஏறிய பாதியை விரிவாகச் சொன்னேன். இறங்கிய பாதியைச் சொல்லவில்லை.

அந்த இருபத்தோராயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வரப்போகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஏலத்தோட்டத்தில் உழைத்த காசு, ஏலச்சீட்டில் கிடக்கிறது. எடுத்தால் இருபத்திரண்டாயிரம் வரும். அது முழுக்க ஒரு சைக்கிளுக்குப் போகப்போகிறது. போனாலும் பரவாயில்லை, பையன் பத்திரமாக இறங்கி வர வேண்டுமே.

சனிக்கிழமை கிளம்பிப் போனேன். அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எங்களோடு தேனிக்கு வந்தாள்.

கடையில் ஒரு கேள்வி

சைக்கிள் பார்க்க அம்சமாக இருந்தது. உள்ளங்கை அகல டயர். முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 21 கியர். கடைத் தம்பி பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அக்கா மகன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எல்லாம் கேட்டு முடித்த அக்கா, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தம்பி, இது எறங்கும்போது நிக்குமா?”

“டிஸ்க் பிரேக்கும்மா. சூப்பரா நிக்கும்.”

“மூட்டையோடயா?”

அவர் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தார். “இதுல கேரியர் வராதும்மா. பேக்கைத் தோள்ல மாட்டிக்கலாம்.”

“பதினஞ்சு கிலோவைத் தோள்ல மாட்டிக்கிட்டு மலையேறுறதா? நான் காய்ச்சாக்கு தூக்குறவ. எனக்குத் தெரியும் தம்பி” என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டாள்.

நானும் எத்தனையோ பேர் சைக்கிள் வாங்கும்போது கூடப் போயிருக்கிறேன். விலை கேட்பார்கள், கியர் எத்தனை என்று கேட்பார்கள், கலர் கேட்பார்கள். மூட்டையோடு இறங்கும்போது நிற்குமா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ராத்தங்கல் பயணத்துக்கு சைக்கிள் தேடும் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்த வாரம் அதைப் பற்றியே பேசிவிடுவோம்.

வளைவும் ஒரு கியர்தான்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். மலை செங்குத்தாக நிற்கிறது. அதில் நேராக ரோடு போட முடியாது. அதனால்தான் முந்தலுக்கு மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள். ரோட்டை மடித்து மடித்து நீளமாக்கிவிட்டார்கள். தூரம் கூடியது, செங்குத்து குறைந்தது. லாரியும் ஏறுகிறது, ஜீப்பும் ஏறுகிறது.

சுமையை இந்த மலையில் ஏற்றி இறக்குவது எந்தக் காலத்திலும் லேசான வேலையாக இருந்ததில்லை. நூறு வருஷத்துக்கு முன்பு மூணாறு பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி நம் கோட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்குப் போகும். 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. செங்குத்தான இடத்தில் கம்பிவடம், சரிவு குறைந்த இடத்தில் ரயில் என்று மலைக்கு ஏற்றபடி வழியை மாற்றித்தான் சுமையைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சைக்கிளில் அந்த வேலையைச் செய்வது கியர். ரோடு வளைந்து வளைந்து தூரத்தைக் கூட்டி ஏற்றத்தை லேசாக்குகிறது இல்லையா? கியரும் மிதிக்கும் எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வொரு மிதியையும் லேசாக்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கியரை எண்ணாதீர்கள், பல்லை எண்ணுங்கள்

21 கியர் என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7 பல்சக்கரம் என்பதன் பெருக்கல். அதனால் மட்டும் மலையேறிவிட முடியாது. மலைக்கு உதவுவது ஒரே ஒரு ஜோடிதான்: முன்னால் இருப்பதில் மிகச் சின்னது, பின்னால் இருப்பதில் மிகப் பெரியது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகனின் பழைய சைக்கிளைத் திருப்பிப் போட்டு எண்ணினோம். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். முன்னால் 44 பல், பின்னால் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் 5 மீட்டர் போகிறது.

இனி கணக்கைப் பாருங்கள். பையன் 58 கிலோ, சைக்கிள் 17, மூட்டை 15. மொத்தம் 90 கிலோ. சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ரோட்டில் இதை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, 80 முதல் 90 வாட் சக்தி வேண்டும். பழைய குண்டு பல்பு ஒன்றை எரிய வைக்கும் சக்தி. ஓரளவு பழகிய உடம்பு இதை மணிக்கணக்கில் கொடுக்கும். வேகத்தை 10 கிலோமீட்டராக்கினால் 140 வாட்டைத் தொடும். அது பழகாத உடம்பை அரை மணி நேரத்தில் உட்கார வைத்துவிடும். ஆக, மூட்டையோடு போகிறவருக்கு மணிக்கு 6 கிலோமீட்டர்தான் நியாயமான வேகம். வேகமாக நடப்பவர் கூடவே வந்துவிடலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

6 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். அரசு சைக்கிளில் அதற்கு நிமிடத்துக்கு 20 மிதிதான். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு அழுத்த வேண்டும். முழங்கால் போய்விடும்.

முன்னால் 24 பல், பின்னால் 28 பல் உள்ள சைக்கிளில் ஒரு மிதிக்கு 1.8 மீட்டர் போகலாம். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 55 மிதி. உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டே மிதிக்கலாம். வேலை அதேதான். அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக்கொள்கிறோம்.

மனதில் வைக்க எளிய விதி: முன் சின்னப் பல்லின் எண்ணிக்கை, பின் பெரிய பல்லின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் ஒப்பேற்றலாம். அதிகமாக இருந்தால் மலைக்கு வேண்டாம்.

கியர் போட்டு ஏறுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரை இந்த கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி கிடையாது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள் அந்த சூரர்கள். நமக்கு அந்தச் சிரமம் எதற்கு?

மூட்டை எங்கே உட்காரும்?

ஷாக் அப்சார்பர் கல் ரோட்டுக்கு நல்லதுதான். ஆனால் பின்னாலும் ஷாக் உள்ள சைக்கிளில் சாதாரண கேரியர் மாட்ட இடமே இருக்காது. சீட் கம்பியில் கவ்விப் பிடிக்கும் கேரியர் கிடைக்கும். அதில் ஒரு துண்டும் சட்டையும் வைக்கலாம், பதினைந்து கிலோ வைக்க முடியாது. வளைவில் அது ஆடும், அது ஆடினால் நீங்களும் ஆடுவீர்கள்.

மூட்டைப் பயணத்துக்கு ஷாக் இல்லாத, இரும்புக் குழாய் சைக்கிளே மேல். பின் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் கேரியரை முடுக்க ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சீட்டுக்குக் கீழேயும் இரண்டு ஓட்டை வேண்டும். இந்த நான்கும் இருந்தால் கேரியர் அசையாது. முறிந்தாலும் போடியிலோ பூப்பாறையிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடலாம்.

சுமையை எப்படிக் கட்டுவது என்று நம் ஊர்ப் பால்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கேனைக் கேரியர் மேலே அடுக்க மாட்டார். இரண்டு பக்கமும் தாழ்வாக, சமமாகத் தொங்கவிடுவார். பாரம் தாழ இருந்தால் சைக்கிள் தள்ளாடாது. அக்கா பழைய உரச்சாக்குகளை டெய்லரிடம் கொடுத்து, கொக்கி வைத்த இரண்டு பைகளாகத் தைத்து வாங்கினாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை போட்டால் மழைக்கும் தாங்கும். மொத்தம் நூற்றைம்பது ரூபாய்.

பை மாட்டியதும் பெடலை மிதித்துப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால், பையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்படியும் இடித்தால் அந்த சைக்கிள் மூட்டைக்கு ஆகாது.

கம்பியும் டயரும்

சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது பின்சக்கரம். பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பி போட்டிருப்பார்கள். காரணமில்லாமல் இல்லை. நீங்கள் வாங்கும் சைக்கிளின் பின்சக்கரத்தில் 36 கம்பியாவது இருக்கட்டும். கிளம்பும் முன் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, தளர்ந்த கம்பியை முடுக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை அகல டயர் மணலுக்கும் சேற்றுக்கும் உரியது. தார் ரோட்டு ஏற்றத்தில் அதை உருட்டுவதே ஒரு வேலை. ஒன்றே முக்கால் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை போதும். இன்னொன்று முக்கியம்: அந்த அளவு டியூப் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். கிடைக்காத அளவு என்றால் இரண்டு டியூப் கையில் இருக்க வேண்டும்.

நான் சொல்லாத பாதி

இப்போது இறக்கம்.

போடிமெட்டிலிருந்து போடிக்கு 90 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரம் மீட்டர் உயரத்தில் சேர்த்து வைத்திருந்த சக்தி முழுவதும் வெளியே போக வேண்டும். எவ்வளவு சக்தி? இரண்டரை லிட்டருக்கும் மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. ஒரு பங்கு காற்றில் போகும். மிச்சத்தை உங்கள் பிரேக் கட்டைகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்கா மகனிடம் அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து மீதிக் கதையைச் சொன்னேன்.

எங்களுடையது கம்பி பிரேக், பளபளக்கும் குரோமியம் பூசிய ரிம். மேலே ஒரு டீக்கடை பெஞ்சில் ராத்திரியைக் கழித்துவிட்டுக் காலையில் இறங்கினோம். சாரல் பிடித்துக்கொண்டது. அந்த ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான்காவது வளைவில் அழுத்தினேன், நிற்கவில்லை. செருப்புக் காலை ரோட்டில் ஊன்றினேன். செருப்பு தேய்ந்து கட்டைவிரல் தெரிந்தது. எதிரே லாரி ஹாரன். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து ஓடையில் சைக்கிளை விட்டேன். முழங்காலில் ஏழு அங்குலக் கிழிசல். வீட்டில் கபடி விளையாடி விழுந்ததாகச் சொன்னேன். அக்காதான் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

பையன் ஒன்றும் பேசவில்லை. அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது.

“எனக்கு அன்னைக்கே தெரியும்டா. கபடில விழுந்தவனுக்குச் செருப்பு எப்படித் தேயும்?”

அதனால் சொல்கிறேன். மலைக்குப் போகும் சைக்கிளில் அலுமினிய ரிம்மோடு நல்ல ரப்பர் கட்டை பிரேக் இருக்க வேண்டும், அல்லது டிஸ்க். இரண்டும் நிறுத்தும். கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள், ஒரு ஜோடியைக் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, மறுபடி குறைக்க வேண்டும். மூன்று நான்கு வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி, ஆற விடுங்கள். டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். ஈர ரோடு என்றால் எல்லாமே பாதி வேகம்.

இருபது வருஷமாக அந்த ரோட்டில் ஜீப்பில் போகிற அக்கா இன்னும் சிலவற்றைச் சேர்த்தாள். “பனி எறங்குனா முன்னாடி போற ஜீப்பே தெரியாது. பாறையில ஊத்துத் தண்ணி வடியிற எடமெல்லாம் பாசி பிடிச்சிருக்கும். காலையில ஏறுற ஜீப்பெல்லாம் அவசரத்துல வரும், வளைவுல ஓரமா நின்னு வழி விட்டுரு.” சைக்கிள் கடையில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

ராத்திரி எங்கே?

ராத்தங்கலுக்குக் கூடாரம் கட்டாயம் இல்லை. காட்டுக்குள் கூடாரம் போடவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் மறக்கவில்லை. கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது அந்தப் பக்கமே வேண்டாம். வேறு நாளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ரோட்டை விட்டு இறங்காதீர்கள்.

யானையும் இருக்கிறது. சின்னக்கானல் பக்கம் திரிந்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. பொழுது சாய்வதற்குள் தங்குமிடத்தில் இருக்க வேண்டும். தெரிந்தவர் வீடோ, லாட்ஜோ முன்பே பேசி வைத்துவிடுங்கள். கூடாரமும் பாத்திரமும் இல்லாவிட்டால் மூட்டை பாதியாகும். மூட்டை பாதியானால் ஏற்றம், இறக்கம், பிரேக் எல்லாமே லேசாகும்.

முதலில் சமதளம்

புது சைக்கிள் பேச்சை ஒரு மாதம் தள்ளி வைத்தோம். “முதல்ல இருக்கிற சைக்கிள்ல ஒரு ராத்திரி போயிட்டு வா. அப்புறம் என்ன வேணும்னு ஒனக்கே தெரியும்” என்றேன். அரசு சைக்கிளில் உரச்சாக்குப் பைகளை மாட்டிக்கொண்டு தேவாரம், இளையராஜா ஊரான பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் வழியாகக் கம்பத்துக்குப் போனான். பெரியம்மா வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் திரும்பினான்.

நல்லவேளை, அது தை மாசம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் காற்று கொட்டும். எதிர்காற்றில் சமதளமும் மலையாகிவிடும்.

திரும்பி வந்து பையைக் கொட்டினான். கொண்டு போனதில் பாதியைத் தொடவே இல்லை: மூன்று பேன்ட், இரண்டு ஜோடி ஷூ, ஒரு ஸ்பீக்கர், இரண்டு கிலோ பழம். தேவைப்பட்டது பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பேனர், டார்ச், போர்வை, மழைக்கோட்டு, தண்ணீர். பதினைந்து கிலோ எட்டு கிலோவானது. அவன் சொன்ன வார்த்தை: “மாமா, ஷாக்கெல்லாம் வேணாம். கேரியர்தான் முக்கியம்.”

பிறகு போடியில் ஒரு பழைய சைக்கிள் கடையில் ஷாக் இல்லாத கியர் சைக்கிள் ஒன்று கிடைத்தது. முன்னால் சின்னப் பல் 24, பின்னால் பெரிய பல் 28. ஏழாயிரம் ரூபாய். புது டயர், பிரேக் கட்டை, கேபிள், செயின், கேரியர் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்து முந்நூறு ஆனது. சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்யுங்கள். பத்து கிலோ அரிசியை இரண்டு பையாகக் கொண்டு போய்க் கேரியரில் கட்டச் சொன்னோம். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். கையை லேசாகத் தளர்த்தினால் ஹேண்டில்பார் உதறுகிறதா? வேகத்தடையில் கேரியர் சத்தம் போடுகிறதா? வேகமாக வந்து பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா? மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி ஏறிக் கிளம்ப முடிகிறதா? நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் விலை பேசுங்கள். எந்தக் கடைக்காரரும் அரிசியைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஒன்பதாவது வளைவு

மாசி பிறக்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் சாயங்காலமே முந்தலில் ஒரு கூட்டாளி வீட்டில் தங்கி, விடிந்ததும் ஏற ஆரம்பித்தான். அக்கா வழக்கம்போல ஜீப்பில் போனாள். ஒன்பதாவது வளைவில் அவனைப் பார்த்தாளாம். மிதிக்கவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான்.

தள்ளுவது தோல்வி என்று நினைக்காதீர்கள். 1954-ல் தியன் பியன் பூ போரில் வியட்நாம்காரர்கள் ஹேண்டில்பாரில் மூங்கிலைக் கட்டி, ஒரு சைக்கிளில் இருநூறு கிலோ வரை ஏற்றிக் காட்டு மலைப்பாதையில் தள்ளிக்கொண்டே போனார்கள். மூட்டை சைக்கிளுக்குத் தள்ளுவதும் ஒரு கியர்தான். எல்லாவற்றிலும் சின்ன கியர்.

ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லாம் கத்தினார்களாம். “ஏய், அங்க பாருங்கடி, நம்ம அக்கா மகன்!” அக்கா மட்டும் தலையை வெளியே நீட்டி ஒரே வார்த்தை: “தண்ணி குடிச்சியாடா?”

அன்று ராத்திரி போடிமெட்டில் தெரிந்த குடும்பத்து வீட்டில் தங்கினான். நான் மதுரையில் தூங்கவில்லை. மறுநாள் சாரல் இல்லை, பனி விலகிய பிறகு ஒன்பது மணிக்கு மேல்தான் இறங்கினான். நான்கு இடத்தில் நிறுத்தினானாம். நான் விழுந்த வளைவில் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். மலைப் பக்கத்து ஓடை அப்படியேதான் இருக்கிறது.

மத்தியானம் போன் வந்தது. சனிக்கிழமை. அக்கா வேலைக்குப் போகவில்லை போல.

“தம்பி...”

“என்னக்கா, வந்துட்டானா?”

“வந்துட்டான். சாப்புடுறான்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னாள்: “நின்னுச்சாம்டா.”